கூடுதல் மீட்டர் மாட்டும் முன்: வாசகர் கேள்வி–பதில்

காரில் தனியாக டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) மீட்டர்கள் மாட்டுவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். தனி மீட்டர் மாட்டலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?
— மதுரை வாசகர்

ப: முதலில் மீட்டர் வாங்காதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றும் செல்போனில் ஒரு செயலியும் போதும். எஞ்சின் கம்ப்யூட்டர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் கூலன்ட் சூட்டை அப்படியே டிகிரியில் காட்டிவிடும். ஒயர் வெட்ட வேண்டாம், ஹோஸ் அறுக்க வேண்டாம்.

ஒரு வாரம் எண்களை மட்டும் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும் வண்டி, நெடுஞ்சாலையில் 85 முதல் 95 வரை நிற்கும். ஏசி போட்டு நெரிசலில் நின்றால் 100 வரை ஏறும், ஃபேன் ஓடியதும் ஐந்தாறு டிகிரி இறங்கும், மறுபடி ஏறும். இது நோயல்ல. உங்கள் வண்டியின் வழக்கமான எண் எது என்று தெரிந்துவிட்டால், அதே சாலையில் அதே வேகத்தில் அது எட்டுப் பத்து டிகிரி கூடும் நாள்தான் ரேடியேட்டரைத் திறந்து பார்க்க வேண்டிய நாள். சிவப்பு விளக்கு இந்த முன்னறிவிப்பைத் தராது. அது எரியும்போது விஷயம் கைமீறும் நிலைக்கு வந்திருக்கும்.

அடாப்டரில் இரண்டு குறைகள். பெரும்பாலான கார்களில் ஆயில் பிரஷர் அதில் வராது. அங்கே இருப்பது வெறும் ஸ்விட்ச், சென்சார் அல்ல. இரண்டாவது, மலிவான அடாப்டர்கள் வண்டி நின்ற பிறகும் தூங்காமல் பேட்டரியைக் குடிக்கும். நாலைந்து நாள் வண்டி எடுக்கப்போவதில்லை என்றால் கழற்றி வையுங்கள்.

இன்னொன்று, எந்த டெம்பரேச்சர் மீட்டருக்கும் பொருந்துவது: கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில்தான் நிற்கும். அப்போது ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வெந்துகொண்டிருந்தாலும் முள் ஏறாது, சில சமயம் இறங்கக்கூடச் செய்யும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் ‘ஆறிவிட்டது’ என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். இதற்கென்றே உலோகத்தின் சூட்டைப் பார்க்கும் வளையச் சென்சார்கள் கிடைக்கின்றன. ஹெட்டில் உள்ள சிறு பிராக்கெட் போல்ட் ஒன்றின் கீழ் வைத்து முடுக்கலாம். ஹெட் போல்ட்டின் கீழ் மட்டும் வைக்கக் கூடாது. அதன் முறுக்கு அளவு கெட்டால் கேஸ்கெட் போகும்.

கே: பழைய பொலேரோ. ரேடியேட்டர் மேல் ஹோஸை அறுத்து, நடுவே சென்சார் பொருத்தும் குழாய் அடாப்டர் வைத்து டெம்பரேச்சர் மீட்டர் போட்டேன். வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் முள் அசைவதே இல்லை. பிறகு ஒரேயடியாக 80-க்குத் தாவுகிறது. சென்சார் கெட்டதா?
— சேலம் வாசகர்

ப: சென்சார் நன்றாக இருக்கிறது, இடம்தான் அப்படி. பெரும்பாலான எஞ்சின்களில் மேல் ஹோஸ் தெர்மோஸ்டாட்டுக்கு அடுத்த பக்கம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வரை சூடான நீர் அங்கே வராது. திறந்ததும் மொத்தமாக வருகிறது, முள் தாவுகிறது. ஓடும்போது காட்டும் எண் சரியானதே. ஆனால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் ஹெட்டில் நீர் கொதிக்கும்போதும் மீட்டர் 50-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் சென்சாருக்கு முதல் இடம் ஹெட் அல்லது தெர்மோஸ்டாட் பொருத்திய கூட்டின் எஞ்சின் பக்கம். அங்கே அடைத்து வைத்த துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால்தான் ஹோஸ். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே கிளம்புகிறது. அதில் சின்ன அடாப்டர் வைத்தால் முள் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக ஏறும்.

அடாப்டர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஹோஸின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து வாங்குங்கள். 28 முதல் 38 மில்லிமீட்டர் வரை பல அளவுகள் உண்டு. 2 மில்லிமீட்டர் சிறியதை வாங்கிக் கிளாம்ப்பை முறுக்கிச் சமாளித்தால் முதல் மலைப்பாதையில் ஹோஸ் கழன்றுவிடும். எஞ்சின் முழுக்க ஆறிய பின் நீரை வடித்து, ஹோஸை வளைவில்லாத நேர்ப் பகுதியில் செங்குத்தாக அறுங்கள். அடாப்டரின் நடுவில் ஹோஸால் மூடப்படாத அகலம் எவ்வளவோ, அவ்வளவு ஹோஸை மட்டும் எடுத்துவிட வேண்டும். விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது.

அடுத்ததுதான் நிறையப் பேர் தவறவிடுவது. ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ் இருந்தால் அதற்கு எர்த் ஏது? அடாப்டரில் ஒரு திருகு வைத்து, அதிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஓர் ஒயர் இழுத்தாக வேண்டும். கூலன்ட்டின் வழியே ஓரளவு கரன்ட் ஓடுவதால் எர்த் இல்லாமலும் முள் கொஞ்சம் அசையும். அதுதான் ஏமாற்றுகிறது.

முடித்த பின் காற்றை வெளியேற்றுவது முக்கியம். கூலன்ட் ஊற்றி, மூடி திறந்த நிலையில், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல்) ஓடவிடுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை மட்டம் குறையக் குறைய நிரப்பி, பிறகு மூடுங்கள். பெல்ட் ஃபேன் வண்டியில் மேல் ஹோஸ் நன்றாகச் சுட்டு, குமிழ் வருவது நிற்கும் வரை. இதெல்லாம் குளிர்ந்த எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டியது; சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் வேலையே வேண்டாம்.

கே: வண்டியிலேயே இருக்கும் கூலன்ட் சென்சார் ஒயரில் புது மீட்டரை இணைத்துவிட்டால் என்ன? தனிச் சென்சார் செலவு மிச்சம்தானே?
— நாகர்கோவில் வாசகர்

ப: வேண்டாம். கம்ப்யூட்டர் அந்த ஒயரில் 5 வோல்ட் அனுப்பி, திரும்பும் வோல்ட்டேஜைப் பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. அதில் மீட்டரையும் கோத்தால் மொத்த ரெசிஸ்டன்ஸ் குறையும். எஞ்சின் உண்மையைவிடச் சூடாக இருப்பதாக அது நம்பும். காலையில் ஸ்டார்ட்டாக அடம், ஃபேன் ஓயாமல் ஓடுவது, ஏசி தானாக அணைவது எல்லாம் இதன் விளைவுகள். மீட்டரிலிருந்து 12 வோல்ட் திரும்பி உள்ளே போனால் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. மிச்சமான சென்சார் செலவைப் போலப் பல மடங்கு அங்கே போகும்.

கே: ஆயில் பிரஷர் மீட்டர் வாங்கினேன். கூட வந்த சென்டர் (அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சார்) எஞ்சினில் இரண்டு சுற்று நன்றாக ஏறுகிறது, பிறகு இறுகுகிறது. டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினால் சரியாகுமா?
— கோவை வாசகர்

ப: முறுக்காதீர்கள். அந்த இரண்டு சுற்றோடு நிறுத்தியது நல்லது.

மாருதி சுசுகி, டொயோட்டா, ஹூண்டாய் போன்றவற்றில் ஆயில் ஸ்விட்ச் மரை பொதுவாக 1/8 பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் கூம்புக் குழாய் மரை). அங்குலத்துக்கு 28 மரை, கோணம் 55 டிகிரி. அமெரிக்க வகை மீட்டர்களோடும் பல சீன மீட்டர்களோடும் வரும் சென்டர் 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் கூம்புக் குழாய் மரை). அங்குலத்துக்கு 27 மரை, கோணம் 60 டிகிரி. விட்டமும் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. கையில் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை வழிந்துவிடும், இல்லாவிட்டால் வார்ப்பில் கீறல் விழும். ஐரோப்பிய வகைகளில் எம்10, பிட்ச் 1 மில்லிமீட்டர் என்ற மரை நிறைய. அது இந்த இரண்டோடும் சேராது.

பழைய ஸ்விட்ச்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். மரை கேஜ் வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் பி.எஸ்.பி.டி., மறு பக்கம் என்.பி.டி. உள்ள அடாப்டர் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். கோவையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன.

அடாப்டரோடு ஒரு டீயும் (மூன்று வாய் இணைப்பு) போடுங்கள். டீயின் ஒரு வாயில் வண்டியின் பழைய ஸ்விட்ச், மறு வாயில் புதுச் சென்டர். டாஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை இழந்துவிட்டு மீட்டர் மாட்டுவது நஷ்ட வியாபாரம். ஓட்டும்போது எவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை; விளக்குதான் கண்ணில் குத்தும். வி.டி.ஓ. என்ற ஜெர்மன் மீட்டர் வகையில் இரண்டு முனைச் சென்டர் ஒன்று உண்டு: ‘ஜி’ முனை மீட்டருக்கு, ‘டபிள்யூ.கே.’ முனை எச்சரிக்கை விளக்குக்கு. அதைப் போட்டால் டீயே வேண்டாம். ஆனால் விளக்கின் தொடுமுனை எந்த அழுத்தத்துக்கு என்று பார்த்து வாங்குங்கள். வண்டியின் சொந்த ஸ்விட்ச் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இயங்கும்.

சென்டர் ஒரு கனமான டப்பா. அதைப் பித்தளை நிப்பிளின் நுனியில் தொங்கவிட்டால் எஞ்சின் அதிர்வில் சில மாதங்களில் நிப்பிள் கழுத்தில் முறியும். முறிந்தால் எஞ்சின் ஆயில் சில நிமிடங்களில் ரோட்டில். அதனால் எஞ்சினிலிருந்து ஒன்றரை அடி கம்பிப் பின்னல் ஹோஸ் இழுத்து, டீயையும் சென்டரையும் பாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்துவதே எங்கள் சிபாரிசு. கூடுதல் செலவுதான், ஆனால் ஆயில் பிரஷர் வேலையில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்று. அப்படிச் செய்யும்போது சென்டருக்கு எர்த் எஞ்சின் வழியாகக் கிடைக்காது. தனி ஒயர் வேண்டும். பழைய ஸ்விட்ச் ஒற்றை ஒயர்தான் என்பதால் அதே எர்த் டீயின் வழியாக அதற்கும் போய்ச் சேரும்.

டேப்பைப் பற்றி: கூம்பு மரைக்குச் சீலன்ட் வேண்டும். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு ஒன்றரைச் சுற்று டேப், அதற்கு மேல் கூடாது. முனையில் தொங்கும் துணுக்கு ஆயில் வழியில் போய் அடைக்கும். அளவுக்கு மீறிச் சுற்றினால் எர்த்தும் கெடும். டேப்பைவிட மரைச் சீலன்ட் பசை மேல். முறுக்கு 13 முதல் 15 நியூட்டன் மீட்டர். நீளக் கைப்பிடி ஸ்பேனர் தேவையே இல்லை.

கே: ஆயில் பிரஷர் எவ்வளவு இருந்தால் சரி? என் மீட்டர் காலையில் 5 பார், மதியம் ஐடிலில் 1 பார் காட்டுகிறது. பயமாக இருக்கிறது.
— ஈரோடு வாசகி

ப: பயம் வேண்டாம், ஆரோக்கியமான எஞ்சின் இப்படித்தான் காட்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் 4, 5 பார். சூடேறி இளகியதும் ஐடிலில் 0.8 முதல் 1.5 வரை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 பாருக்குக் குறையாமல் இருந்தால் திருப்தி. 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது 0.7 பார், என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதற்குக் கீழே போகாதவரை கவலையில்லை. வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ முள் ஒரு கணம் சரிந்து எழுந்தால் ஆயில் மட்டம் குறைவு. உடனே டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மாதக்கணக்கில் சூட்டு ஐடில் அழுத்தம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் பேரிங் தேய்மானமோ, டீசல் வண்டியில் ஆயிலில் டீசல் கலப்பதோ காரணமாக இருக்கலாம். டிப் ஸ்டிக் மட்டம் ஏறியும் இருந்தால் இரண்டாவதுதான்.

கே: சாவியைப் போட்டதும், எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, ஆயில் பிரஷர் முள் கடைசிக் கோடு வரை போய் நிற்கிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள்ளும் நகர்கிறது.
— திருச்சி வாசகர்

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

முதலாவதற்கு, உங்கள் சென்டர் எந்தக் குடும்பம் என்று தெரிய வேண்டும். வி.டி.ஓ. வகையில் அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம். அமெரிக்க வகையில் தலைகீழ்: அழுத்தமில்லாதபோது 240, முழு அழுத்தத்தில் 33. ஒரு குடும்பத்து மீட்டருக்கு மற்றதன் சென்டரை மாட்டினால் எஞ்சின் நிற்கும்போது முள் உச்சத்தில் நிற்கும். ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சென்டர் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளந்து பாருங்கள். எஞ்சின் நின்ற நிலையில் 10 வந்தால் வி.டி.ஓ., 240 வந்தால் அமெரிக்க வகை. முடிவில்லாமல் காட்டினால் சென்டர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது எர்த் இல்லை. வி.டி.ஓ. மீட்டரில் ஒயர் அறுந்தாலும் முள் உச்சிக்குத்தான் போகும். எர்த் துருப்பிடித்து ரெசிஸ்டன்ஸ் கூடினாலும் உண்மையைவிட அதிக அழுத்தம் காட்டும். ஆயில் பிரஷர் மீட்டர் செய்யக்கூடிய பொய்களில் மோசமானது இதுதான், ஏனென்றால் நிம்மதி தருகிற பொய்.

பின்புற முனைகளையும் ஒரு முறை சரிபாருங்கள். வி.டி.ஓ. மீட்டரில் ‘ஜி’ என்பது சென்டர் ஒயருக்கு. வேறு பல மீட்டர்களில் ‘எஸ்’ சென்டருக்கு, ‘ஜி’ எர்த்துக்கு. பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடுவது சகஜம்.

இரண்டாவது கோளாறு பொது எர்த். விளக்குக்கும் மீட்டருக்கும் ஒரே மெல்லிய எர்த் ஒயர் இருந்தால், விளக்கின் கரன்ட் அதில் ஓடும்போது மீட்டரின் பூஜ்யமே நகர்ந்துவிடும். மீட்டர் எர்த்தைத் தனியாக, பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடி போல்ட்டுக்கு, கண் லக் போட்டு இழுங்கள். டாஷ்போர்டுத் தகரத்தில் ஸ்க்ரூ அடிப்பது எர்த் ஆகாது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பட்டை எர்த் துருப்பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதை மாற்றுங்கள்.

கே: ஒயர், ஃபியூஸ் என்ன அளவு? எங்கிருந்து 12 வோல்ட் எடுப்பது?
— விழுப்புரம், தஞ்சாவூர் வாசகர்கள்

ப: மூன்று மீட்டர் மாட்டினாலும் சேர்த்து ஓர் ஆம்பியர்கூட ஆகாது. 0.75 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர், 3 ஆம்பியர் ஃபியூஸ். வீட்டு ஒயரிங் மிச்சத்தைப் போடாதீர்கள். எஞ்சின் சூட்டுக்கு அதன் உறை தாங்காது.

வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபியூஸ் பெட்டியில் சாவி ‘ஆன்’ நிலையில் மட்டும் உயிர் வரும் இடத்தில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்திலிருந்து கூடுதல் ஒயர் எடுக்கும் செருகி) போட்டு எடுங்கள். வைப்பர் அல்லது ஏசி புளோயர் ஃபியூஸ் பொருத்தம். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டர் ஃபியூஸ்களைத் தொடவே வேண்டாம். மீட்டர் விளக்குக்குப் பார்க்கிங் லைட் ஃபியூஸிலிருந்து தனி ஒயர். ஃபயர்வாலில் புதுத் துளை போடும் முன் ஏற்கெனவே உள்ள ரப்பர் கிரோமெட் வழியாக ஒயரை நுழைக்க முடியுமா என்று பாருங்கள். துளைதான் வழி என்றால் விளிம்பில் துருத் தடுப்பு பெயின்ட், பிறகு கிரோமெட். வெறும் தகர விளிம்பில் உரசும் ஒயர் என்றைக்காவது ஷார்ட் ஆகியே தீரும்.

இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது. சித்திரை வெயிலில் பசை உருகி டேப் தானாகப் பிரியும். கிரிம்ப் லக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் போடுங்கள். எக்ஸாஸ்டிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, நெளி குழாய்க்குள் விட்டு, அடிக்கொரு டை போட்டுக் கட்டுங்கள்.

கே: மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டர்தான் துல்லியம் என்கிறார்களே?
— தூத்துக்குடி வாசகர்

ப: துல்லியம்தான். ஆனால் கொதிக்கும் ஆயில் 4 பார் அழுத்தத்தில் உங்கள் முழங்காலுக்கு மேலே வரும். நைலான் குழாய் எக்ஸாஸ்டில் பட்டால் உருகும். செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். எஞ்சின் பக்கம் இரண்டு சுற்றுச் சுருள் விட்டால் செம்பு நீடிக்கும் என்றாலும், மூடிய காருக்குள் அதைக் கொண்டுவர நாங்கள் சொல்லமாட்டோம். அதற்குச் சரியான இடம் பட்டறை: எலக்ட்ரிக் மீட்டர் காட்டுவது உண்மையா என்று பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஒப்பிட்டுப் பார்க்க.

கே: பழைய ஜீப்பில் 30–0–30 ஆம்மீட்டர் இருக்கிறது. 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாற்றியபின் மீட்டர் பின்னால் பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது.
— தேனி வாசகர்

ப: வண்டியை எடுக்காமல் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஆம்மீட்டர் வழியாகத்தான் சார்ஜ் கரன்ட் முழுவதும் ஓடுகிறது. 30-க்குச் செய்ததன் வழியாக 50, 60 ஓடினால் முதலில் பின்புறப் போல்ட்டுகள்தான் சூடாகும். அதுவும் ஃபியூஸ் இல்லாத கனத்த ஒயர், டாஷ்போர்டுக்குள்.

ஆம்மீட்டரின் இரண்டு கனத்த ஒயர்களையும் கழற்றி, லக் போட்டு ஒன்றாகப் போல்ட் செய்து, நன்றாக உறையிட்டு மூடுங்கள். இணைக்காமல் தனித்தனியே விட்டால் பேட்டரிக்கும் வண்டிக்கும் தொடர்பே அறுந்துவிடும். ஆல்டர்னேட்டரின் பி முனையிலிருந்து பேட்டரிக்கு நேராக 16 சதுர மில்லிமீட்டர் கேபிள், பேட்டரி அருகே 80 ஆம்பியர் ஃபியூஸ். ஆம்மீட்டர் இருந்த ஓட்டையில் வோல்ட் மீட்டர். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.7, ஓடும்போது 13.8 முதல் 14.4. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று; 13-க்குக் கீழேயே நின்றால் பெல்ட், பிறகு பிரஷ். புதிய கார்களில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கம்ப்யூட்டர் வேண்டுமென்றே சார்ஜைக் குறைத்தும் கூட்டியும் விளையாடும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கே: 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டில் பூஸ்ட் மீட்டர். டியூபை எங்கே கோப்பது? பிரேக் பூஸ்டர் ஹோஸில் கோத்தால் முள் எப்போதும் வேக்குவமே காட்டுகிறது.
— பொள்ளாச்சி வாசகர்

ப: டீசலில் பிரேக்குக்கு வேக்குவம் தருவது தனி பம்ப். அந்த ஹோஸுக்கும் டர்போவுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பிரேக்கின் வேக்குவத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்த டீயைக் கழற்றிப் பழைய ஹோஸை மாட்டுங்கள். அங்கே ஒரு கசிவு என்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

கோக்க வேண்டிய இடம் இன்டர்கூலருக்கு அப்பால், இன்டேக் மேனிஃபோல்டை ஒட்டி. மேப் சென்சாருக்கு (மேனிஃபோல்டின் காற்றழுத்தம் பார்ப்பது) ரப்பர் டியூப் போகும் வண்டி என்றால் அதில் டீ போடலாம். நேராக மேனிஃபோல்டில் ஓ ரிங்கோடு உட்கார்ந்திருந்தால் அடியில் வைக்கும் ஸ்பேசர் வாங்க வேண்டும், கூடவே நீளமான திருகுகளும். டர்போ ஆக்சுவேட்டர் டியூபில் கோக்க வேண்டாம். நடுவில் சோலினாய்டு இருந்தால் அது காட்டுவது பூஸ்ட் அல்ல, வி.ஜி.டி. (உள் இறக்கைகளின் கோணம் மாறும்) டர்போவில் அங்கே பெரும்பாலும் வேக்குவம்தான் இருக்கும். 4 மில்லிமீட்டர் சிலிக்கான் டியூப், மீட்டர் பின்னால் ஒரு சிறு துளை ரெஸ்ட்ரிக்டர், முள் துடிக்காது. டீசலுக்கு வேக்குவம் பாதி உள்ள மீட்டர் வீண். 0 முதல் 2 பார் போதும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைப் பக்கம் ஏறுகிறவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். டியூப் மீட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டும். ஓ.பி.டி.யில் வரும் எண் முழு அழுத்தம், கிலோபாஸ்கலில். அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்தால்தான் பூஸ்ட். கடல் மட்டத்தில் கழிக்க வேண்டியது 101; 2240 மீட்டர் உயர ஊட்டியில் சுமார் 77. சமவெளிக் கணக்கையே மலையிலும் போட்டு ‘டர்போ பலவீனமாகிவிட்டது’ என்று பட்டறைக்குப் போகாதீர்கள்.

கே: எக்ஸாஸ்ட் சூடு மீட்டருக்கு மேனிஃபோல்டைக் கழற்றாமலே துளை போட்டுத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர்.
— கரூர் வாசகர்

ப: அந்த இரும்புத் துகள் போகும் ஒரே வழி டர்போ சக்கரம்தான். கழற்றித்தான் துளையிட வேண்டும். எல்லா சிலிண்டர் வழிகளும் சேரும் இடத்தில், டர்போவுக்கு முன்னால். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் இரு உலோகச் சென்சார்) ஒயர் எட்டவில்லை என்றால் சாதாரணச் செம்பு ஒயரால் நீட்டக் கூடாது. சூடான இடத்தில் இணைப்பு வந்தால் எண் பிழையாகும். அதே கே-வகை ஒயர்தான் வேண்டும். ஏற்றத்தில் 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, கியரையும் ஒன்று குறையுங்கள்.

கே: முன் கண்ணாடித் தூணில் மூன்று மீட்டர் பாட் (மீட்டர்களை வைக்கும் கூடு) மாட்ட ஆசை.
— சென்னை வாசகர்

ப: கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரா? அப்படியானால் கூடாது. தூண் உறையில் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்று எழுதியிருக்கும். ஏர்பேக் விரியும்போது பாட் உங்கள் முகத்தை நோக்கி வரும். ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில் பார்வையை மறைக்காத அளவுக்கு மாட்டிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஸ்டீரியோவுக்குக் கீழுள்ள தட்டு.

கே: மீட்டர் மாட்டிய பிறகு கொல்லிமலை ஏற்றத்தில் 98 டிகிரி பார்த்தேன். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், நம் ஊருக்கு அது தேவையில்லை என்கிறார்.
— நாமக்கல் வாசகர்

ப: எழுபது கொண்டை ஊசி வளைவு, முதல் இரண்டு கியர், காற்றோட்டமில்லாத வேகம். 98 அதற்கு நியாயமான எண்தான். 0.9 பார் ரேடியேட்டர் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூடச் சமவெளியில் 118 டிகிரி வரை கொதிக்காது. ஊட்டி உயரத்தில் அது 114-க்கு வரும், அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் 60, 70-லேயே நிற்கும். கம்ப்யூட்டர் ‘இன்னும் சூடேறவில்லை’ என்று பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் விழும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், பி0128 என்ற கோடோடு செக் எஞ்சின் விளக்கும் எரியலாம். பைபாஸ் வழியை மூடும் தட்டு உள்ள தெர்மோஸ்டாட் என்றால் இன்னும் வேடிக்கை: அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும்.

சந்தேகமிருந்தால் சோதியுங்கள். பாத்திரத் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டை அடி தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சுடவையுங்கள். அதில் பொறித்த எண்ணில் திறக்கத் தொடங்கி, மேலும் 12, 15 டிகிரிக்குள் 8 மில்லிமீட்டர் அளவு திறந்தால் அது நல்லது. அதே கொதிநீரில் மீட்டரின் சென்டரையும் முக்கி, உடம்புக்கு எர்த் கொடுத்து, முள் 100-ஐக் காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். பிறகு ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேன் எந்தச் சூட்டில் ஓடுகிறது, ரேடியேட்டர் முன்முகத்தில் அடைந்த தூசி — இந்த வரிசையில் போங்கள். பழைய தெர்மோஸ்டாட் பழுது என்று தெரிந்தால் அதே டிகிரியில் புதிது போடச் சொல்லுங்கள்.

கே: ஆயில் சூடு பார்க்க ட்ரெய்ன் போல்ட் (ஆயிலை வடிக்கும் போல்ட்) இடத்தில் சென்டர் போடலாமா?
— புதுச்சேரி வாசகர்

ப: சம்ப்புக்குக் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கீழே அரை அங்குலம் கூட நீட்டிக்கொண்டிருந்தாலும் நம் வேகத்தடைகள் அதைக் கழற்றிவிடும். ஆயில் ஃபில்டருக்கு அடியில் வைக்கும் சாண்ட்விச் தட்டில் போடுங்கள். 90 முதல் 110 டிகிரி வழக்கம். 130-ஐத் தொட்டால் வேகத்தைக் குறையுங்கள்.